இணையத்தளத்துக்கும் நித்திய பூசை உண்டு

கும்பாபிஷேகம் என்றால் பணம் தானாக வந்து சேரும். கலசத்துக்கு ஒருவர், மணிக்கு ஒருவர், அன்னதானத்துக்கு ஒருவர் என்று உபயகாரர் போட்டியிட்டு முன்வருவர். அடுத்த மாதத்து நித்திய பூசைக்கு எண்ணெயும் பூவும் யார் கொடுப்பது என்று கேட்டால் மாத்திரம் சபையில் பேரமைதி நிலவும். இணையத்தளம் அமைக்கும் விடயத்திலும் சங்கங்களில் இதே வழக்கந்தான் காணப்படுகிறது. குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தித் தளத்தைத் திறந்து வைக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், முகப்பில் அதே பழைய தேர்த்திருவிழா அறிவித்தல் தொங்குகிறது.

இதைச் சிறு குறையென்று தள்ளிவிட முடியாது. 1985-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் லா சப்பல் வீதிகளில் வரும் நாளைக் காண அயல்நாடுகளிலிருந்தும் அடியார்கள் வருகிறார்கள். இத்தகைய விழாக்களின் திகதி ஆண்டுதோறும் மாறுவது. எந்த ஆலயமாயினும் தன் தளத்தில் பழைய திகதியை விட்டு வைத்தால், பிரயாணச் சீட்டு வாங்கிய குடும்பமல்லவா நட்டப்படுகிறது?

செலவு எவ்வளவு என்பதே எல்லோரும் முதலிற் கேட்கும் கேள்வி. தளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அது இருக்க ஓர் இடம் வேண்டும். 'எஃப்ஆர்' என்று முடியும் பிரெஞ்சுப் பெயர்களை அஃப்னிக் என்னும் சங்கம் நிர்வகிக்கிறது. ஒரு பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் 10 யூரோ. இடத்துக்கு மாதம் நாலைந்து யூரோ போதும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 100 யூரோவுக்குள் அடங்கும். தளத்தைக் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியானால் ஒருவர் 500 யூரோவும் இன்னொருவர் 5,000 யூரோவும் கேட்பது எதற்காக? வித்தியாசம் முழுவதும் மனித உழைப்பின் கூலி. நாடி பார்க்காமல் மருந்துச்சீட்டு எழுதுவதுபோல், தேவையைக் கேளாமல் விலை சொல்பவரிடம் விலகியிருப்பது நல்லது.

விக்ஸ் போன்ற ஆயத்தக் கட்டுமான நிலையங்களும் உண்டு. மாதம் பதினைந்து முதல் முப்பது யூரோ வரை கட்டினால், பழக்கமில்லாதவரும் ஒரு வார இறுதியில் அழகான தளம் அமைத்துவிடலாம். ஆனால் அங்கு கட்டியதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக இயலாது. வாடகை வீட்டின்மேல் சொந்தச் செலவில் மாடி எழுப்பியவர் கதைதான். சிறு கடைக்கு அது பொருந்தலாம். ஐம்பது ஆண்டு நிலைக்க எண்ணும் சங்கத்துக்குப் பொருந்தாது.

இவற்றினும் கொடிது கடை வாசலுக்கே வந்து சேரும் ஒப்பந்தம். கோட்டணிந்த இளைஞர் ஒருவர் வருகிறார். "தளம் இலவசம் ஐயா, பராமரிப்புக்கு மாத்திரம் மாதம் 150 யூரோ" என்கிறார். கல்லாவில் நாலு பேர் காத்து நிற்க, முதலாளி வாசியாமலே கையொப்பம் இடுகிறார். உள்ளே 48 மாதம் என்று எழுதியிருக்கும். பெருக்கிப் பார்த்தால் 7,200 யூரோ! இடையில் நிறுத்தவும் வழியிராது. முடிவில் தளம் அவருக்குச் சொந்தமாவதுமில்லை. 2014 மார்ச் மாதத்துச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் தருகிறது. ஐந்து ஊழியருக்கு மேற்படாத சிறு தொழிலாளர், தம் முக்கிய தொழிலுக்குப் புறம்பான ஒன்றை விற்பவரின் அலுவலகத்துக்கு வெளியே வைத்து வாங்கினால், 14 நாளுக்குள் மறுத்துவிடலாம். கட்டடக் கலைஞர் ஒருவர் இவ்வாறு தளத்துக்கு ஒப்பமிட்ட வழக்கில், இணையத்தளம் அவருடைய முக்கிய தொழிலைச் சேர்ந்ததன்று என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. ஃபோபூர் செந்தனி வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் இதை அறிந்திருத்தல் அவசியம்.

சங்கங்களுக்கு வரும் ஆபத்து வேறு விதமானது. அது அன்பின் வழியாக வருவது. ஆர்வமுள்ள தம்பி ஒருவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் வங்கி அட்டையிலேயே எல்லாவற்றையும் பதிந்து இலவசமாகத் தளம் செய்து தருகிறார். சபையில் கைதட்டல். பின்னர் அவர் கலியாணம் முடித்துக் கனடா போய்விடுகிறார். அட்டை காலாவதியாகிறது; புதுப்பிக்கும்படி வரும் கடிதங்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டியிற் கிடக்கின்றன. தவணை தப்பிய பெயரைப் பிறர் வாங்கிவிடலாம். பிள்ளையார் வீற்றிருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்து குந்திய பின்னரே நிர்வாக சபை விழித்துக்கொள்கிறது. பிழை அந்தத் தம்பியுடையதன்று. வங்கிக் கணக்கைச் செயலாளரின் சொந்தப் பெயரில் திறக்கச் சம்மதியாத சபை, இதற்கு மாத்திரம் எப்படிச் சம்மதித்தது? 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கத்துக்குத் தன் பெயரிலேயே இத்தகையவற்றை வைத்திருக்கும் உரிமை உண்டு.

இன்னொரு கடமையும் இருக்கிறது. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், பிள்ளைகள் பெயர் என்று படிவம் வைத்து வாங்குகிறார்கள். ஒருவருடைய சமயத்தைக் காட்டும் விபரத்துக்கு 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதி விசேட பாதுகாப்புக் கோருகிறது. நோயாளியின் குறிப்பேட்டை வைத்தியர் மேசையில் விரித்து வைப்பதில்லை. இதற்கும் அதே கவனம் வேண்டும். தேவையற்றதைக் கேளாதிருப்பதே சுலபமான வழி.

2021 மார்ச் 10-ஆந் திகதி அதிகாலை ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணினிக் கட்டடம் ஒன்று எரிந்து போயிற்று. இலட்சக்கணக்கான தளங்கள் மறைந்தன. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காதவர்கள் பலர் இழந்தது இழந்ததுதான். மாதமொரு முறை பிரதி எடுத்துச் சங்கத்து அலுமாரியில் பூட்டி வைக்க எவ்வளவு செலவாகும்?

நீடித்து நிற்கும் தளத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சுவிஸ் நாட்டில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை எவ்வித ஆடம்பரமுமின்றி வழங்கி வருகிறது. எழுத்து முறை மாறியபோது யூனிகோடுக்கு மாறிக்கொண்டது. பாமினி எழுத்தில் அமைத்து அப்படியே விட்ட தளங்களோ, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் குப்பையாகத் தெரிகின்றன. இன்றும் சிலர் நோட்டீசைப் படமாகவே போட்டுவிடுகிறார்கள். அதைத் தேடிப் பிடிப்பதும் கடினம். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் அது எட்டாது.

ஆகவே ஒரு சங்கத்துக்கு ஏற்றது, தன் பெயரிலே பதிந்த, நாலைந்து பக்கங்களுக்கு மேற்படாத எளிய தளம். கட்டும் வேலைக்கு ஒருவருக்குக் கூலி கொடுத்தாலும் தவறில்லை. திகதிகளை மாற்றும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுத்து, இரகசியச் சொற்களை மூடிய உறையில் பொருளாளரிடம் ஒப்படைக்கலாம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக் கணக்கறிக்கையில், பூவுக்கும் எண்ணெய்க்கும் அடுத்த வரியில் 'இணையத்தளம், 100 யூரோ' என்று எழுதப்படட்டும்.