எழுதுகோலும் அச்சுக்கூடமும்

எழுதும் பெண்ணைப் பாராட்ட நாம் தயங்குவதில்லை. ஆனால் ஏட்டையே நடத்தும் பெண்ணைப் பற்றி எண்ணிப் பார்க்கிறோமா? எழுத இடம் கேட்பது வேறு. அந்த இடத்தையே உண்டாக்குவது வேறு. பின்னதே பெண்ணுக்கு உண்மையான உரிமை தரும் என்பது என் துணிபு. கடல் கடந்து வந்து சென்னையில் பத்திரிகை நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரின் வாழ்வே இதற்குச் சான்று.

1847இல் லண்டனில் பிறந்த அம்மையார், பாதிரியாரான கணவரைப் பிரிந்து, எழுத்தையும் பேச்சையும் கொண்டு வாழ்ந்தார். அவருடைய கருத்துகளைக் காரணம் காட்டி, 1878இல் நீதிமன்றம் அவரிடமிருந்து மகளைப் பிரித்தது. அப்போதும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1888இல் 'தி லிங்க்' என்னும் வார ஏட்டில், லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை எழுதினார். ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர்.

1893இல் அவர் இந்தியா வந்தார். அடையாற்றில் தங்கி, 1914இல் 'காமன்வீல்' என்ற வார ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' நாளேட்டை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றி நடத்தினார். அப்போது அவருக்கு வயது 66. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் ஒரு நாளேட்டின் சுமையைத் தோளில் ஏற்றவர் அவர்!

சுயாட்சி கேட்ட அந்த ஏட்டை அரசு பொறுக்கவில்லை. 1916இல் பத்திரிகைச் சட்டப்படி 2,000 ரூபாய் காப்புத்தொகை கேட்டுப் பெற்றது. பின் அதைப் பறிமுதல் செய்து, 10,000 ரூபாய் கேட்டது. அம்மையார் அதையும் கட்டி ஏட்டை நடத்தினார். உயர்நீதிமன்றத்தில் தாமே வாதாடித் தோற்றார். 1917 ஜூனில் அரசு அவரைக் காவலில் வைத்தது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் செப்டம்பரில் விடுதலை பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில், கல்கத்தா காங்கிரசின் முதல் பெண் தலைவரானார்.

"அவர் அயல்நாட்டவர், அவருடைய ஏடு ஆங்கில ஏடு, ஆரணித் தறிக்காரர் வீட்டுக்கு அது வந்திருக்குமா?" என்று சிலர் கேட்கலாம். வந்திராதுதான். அவர் கேட்ட சுயாட்சி எல்லோருக்கும் உரியதாகுமா என்று நீதிக்கட்சியார் ஐயுற்றதும், காந்தியடிகளின் ஒத்துழையாமையை எதிர்த்து அவர் செல்வாக்கிழந்ததும் வரலாறு. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், ஏட்டின் உரிமை தம் கையில் இருந்ததால்தான், பிறர் அனுமதிக்குக் காத்திராமல் அவரால் பேச முடிந்தது.

தமிழிலும் இவ்வழியில் ஒருவர் நடந்தார். பள்ளிக்கூடம் செல்லாத வை.மு.கோதைநாயகி அம்மாள், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். ஆகவே, செல்வமும் பட்டமும் பெற்றோருக்கே இது இயலும் என்பது சரியன்று.

நம் ஊரைப் பாருங்கள். தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் பெரும்பாலும் பெண்களே. பட்டுப்புடவையின் அழகில் அவர்களுக்குப் பங்கு உண்டு. விலை பேசும் இடத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பத்திரிகை உலகிலும் இதே நிலை வரலாகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கும் தோழர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. மாணவியரிடம் கவிதை மட்டும் கேட்காதீர்கள். மலரின் ஆசிரியர் பொறுப்பையும், கணக்கு வழக்கையும், அச்சகம் சென்று மெய்ப்புத் திருத்தும் வேலையையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். தோழியரே, அதுவரை காத்திராமல் ஒரு கையெழுத்து ஏட்டையேனும் தொடங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் ஆசிரியர் என்று உங்கள் பெயரே இருக்கட்டும்.