கேட்டுத் திருத்தும் கலை

எழுதிய விடை தாளில் நிற்கிறது. பேசிய விடையோ காற்றில் கரைந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வில் பிழை நேர்ந்த இடத்தை ஆசிரியர் அடிக்கோடிட்டுக் காட்டலாம். பேச்சுத் தேர்வில், 'பத்துக்கு ஆறு' என்னும் எண் மட்டுமே மாணவரிடம் எஞ்சுகிறது. எங்கே இடறினார், ஏன் இடறினார் என்பதை அவ்வெண் உணர்த்துவதில்லை.

இக்குறையைக் களையும் வாய்ப்பை ஒலிப்பதிவு வழங்குகிறது. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியபோது உலகம் வியந்தது. இன்று அவ்வசதி கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. தம் பேச்சைத் தாமே மீண்டும் கேட்கும் மாணவர், பிறர் சுட்டுவதற்கு முன்பே தம் பிழைகள் சிலவற்றை உணர்கிறார்.

எனினும், பதிவு செய்வது மட்டுமே பயன் தராது. 'உச்சரிப்புச் சரியில்லை' என்பது தீர்ப்பு; வழிகாட்டல் அன்று. 'பதிவின் 40ஆவது நொடியில் வாழை என்பது வாளை என ஒலிக்கிறது; ழகரத்திற்கு நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும்' என்பதே வழிகாட்டல். எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்னும் தனி இயலிலேயே விளக்குகிறது. அப்பழைய அறிவைப் புதிய கருவியோடு இணைப்பது ஆசிரியரின் கடமை.

பேச்சை எழுத்தாக மாற்றும் செயலிகளே போதும் என்பாரும் உளர். அச்செயலிகள் சூழலைக் கொண்டு சொல்லை ஊகிக்கின்றன. ஆகவே, 'வாளைப்பழம்' என ஒலித்தாலும் 'வாழைப்பழம்' என எழுதிவிடக்கூடும், பிழை மறைந்துபோகும். வட்டார வழக்கில் பிழையின்றிப் பேசுவோரின் சொற்களைத் தவறாகப் பதிவதும் உண்டு. பொதுநடை வேண்டிய இடத்தைச் சுட்டுவது வேறு. பிறந்த மண்ணின் பேச்சையே பிழையெனக் கருதுவது வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியரின் செவியே அறியும்.

அறுபது பேர் பயிலும் வகுப்பில் இது இயலுமா என்னும் வினா நியாயமானதே. ஒருவருக்கு ஒரு நிமிடப் பதிவு, ஒரு நிறை, திருத்த வேண்டிய ஒரு குறை என வரையறுத்து, ஒரு வாரத்திற்குச் சிலர் என முறைவைத்துக் கேட்டால் இயலும். அக்கருத்தும் வகுப்பின் நடுவே அன்றி, மாணவரிடம் தனியாகச் சேர வேண்டும். பலர்முன் நகைப்புக்கு உள்ளானவர் மறுமுறை வாய்திறக்கத் தயங்குவார்.

திருத்திய பின் மீண்டும் பேச வாய்ப்பளிப்பது இன்றியமையாதது. முதற்பதிவையும் இரண்டாம் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர் தம் வளர்ச்சியைத் தம் செவியாலேயே அறிவார். அவ்வறிவை எந்த மதிப்பெண்ணாலும் அளித்துவிட முடியாது.