கலாசாலைக் காலண்டரும் கூலிக்காரன் காலண்டரும்

"பல்கலைக் கழகம் ஜூனில் திறந்தால் என்ன, ஜனவரியில் திறந்தால் என்ன? அது துணைவேந்தரும் பேராசிரியர்களும் பேசி முடிக்க வேண்டிய காரியம். நாற்றுப் பறிக்கிறவனுக்கும் ஆலையில் ஷிப்டு பார்க்கிறவனுக்கும் அதில் என்ன வேலை?" தோழர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள்.

வேலை உண்டு, தோழர்களே! காலண்டர் என்றால் வெறும் லீவு நாட்களின் ஜாபிதா அல்ல. எந்தத் தேதியில் நம் வீட்டில் பணம் கேட்பார்கள், எந்தத் தேதியில் நம் பிள்ளை பரீட்சை ஹாலில் இருக்கவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சிதம்பரத்தில் 1929-ல் ஸ்தாபிக்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை 2013-ல் சர்க்கார் தன் கையில் எடுத்தது. 2021-ல் சட்டசபை நிறைவேற்றிய திருத்தம், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை ஆகிய நான்கு ஜில்லாக்களின் கலைக் கல்லூரிகளை அதன் கீழ்க் கொண்டு வந்தது. ஆகவே அங்கே ஒரு தேதி மாறினால் நான்கு ஜில்லாக் குடிசைகளில் கணக்கு மாறுகிறது.

இப்போது நம் காலண்டரைப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுத்த கூலி சித்திரைக்குள் தீர்ந்துவிடுகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும், தண்ணீர் கீழணைக்கு வந்து, வீராணம் ஏறி, கடைமடையில் நடவு தொடங்கப் புரட்டாசி ஆகிவிடும். கடலூர் விசைப்படகு மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரும்பாலையில் அரவை நின்றால் சீசன் தொழிலாளிக்கு வேலை இல்லை. ஆலைத் தொழிலாளி போனஸைக் கண்ணால் பார்ப்பதோ தீபாவளிக்கு.

எல்லோர் கையும் காலியாக இருக்கும் அந்த ஜூன் மாதத்தில்தான் கல்லூரி கதவைத் திறந்து, "கட்டணம் எங்கே?" என்று கேட்கிறது. காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது. இல்லையேல் பிளஸ் டூ பாஸான பெண் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறாள். கட்டணம் கட்டக் கெடு உண்டு. உதவித் தொகை வந்து சேரக் கெடு கிடையாது! இது என்ன நியாயம்?

பரீட்சை எப்போது? முதல் பருவத் தேர்வு பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். கடலூர் ஜில்லாவில் அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று யாருக்குத் தெரியாது? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் பெருவெள்ளம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்தது. வீடு மூழ்கிய பிள்ளை புத்தகத்தைக் காயவைப்பதா, பரீட்சை எழுதுவதா?

இந்த நிலையில்தான் டில்லியிலிருந்து ஒரு திட்டம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூலை-ஆகஸ்டிலும் ஜனவரி-பிப்ரவரியிலும், மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2024 ஜூனில் அறிவித்தது. கட்டாயம் இல்லை, வசதி உள்ளவர்கள் செய்யலாம் என்றது.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்க நாம் தயாரில்லை. ஜூனில் பணமில்லாமல் நின்றுபோன பிள்ளை, அறுப்புக் கூலி கைக்கு வரும் தை மாதத்தில் சேர முடியுமானால் நல்லதுதானே? ஒரு வருஷம் வீணாகாது. ஆனால் யார் பாடம் நடத்துவது? இரண்டு முறை சேர்த்தால் ஒரே சமயத்தில் இரண்டு செட் வகுப்புகள் நடக்கவேண்டும். அண்ணாமலையிலோ ஆசிரியர்களை "உபரி" என்று முத்திரை குத்தி வேறு அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வண்டி ஓட்டுகிறார்கள். ஆசிரியரும் அறையும் இல்லாமல் இரண்டாவது கதவைத் திறந்தால் அதில் நுழையப்போவது நம் பிள்ளை அல்ல, கல்வி வியாபாரி! நமக்கு ஒருபோகம், அவனுக்கு இருபோகம்!

"தேதி நிர்ணயித்தாகிவிட்டது, மாற்ற முடியாது" என்று அதிகாரிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2025 பொங்கலின்போது ஜனவரி 14-ல் கணக்குத் தணிக்கையாளர் தேர்வு, 15-ல் கல்லூரி ஆசிரியருக்கான நெட் தேர்வு என்று வைத்தார்கள். தமிழ்நாடு எதிர்த்தது. முன்னது 16-ந்தேதிக்கு மாறியது, பின்னது தள்ளிவைக்கப்பட்டது. சிதம்பரத்திலேயே மருத்துவ மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி 50 நாட்களுக்கு மேல் போராடினார்கள். 2021-ல் அவர்கள் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரியானது. தேதியும் கட்டணமும் தலைவிதி அல்ல; மனிதர் போட்டவை, மனிதர் மாற்றக் கூடியவை.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. கட்டணத்தைத் தவணையில் வாங்கு. பெரிய தவணையைத் தை அறுப்புக்குப் பின் வை. உதவித் தொகை வரும்வரை அந்த மாணவரிடம் பணம் கேட்காதே.

2. இரண்டாம், மூன்றாம் ஆண்டு வகுப்புகளை ஜூன் நடுவில் தொடங்கு. பருவத்துக்குரிய 90 வேலை நாட்களை முடித்து, ஐப்பசி அடைமழைக்கு முன் தேர்வை நடத்து. பிந்திச் சேரும் முதலாண்டுக்குத் தனித் தேதி வை. வெள்ளத்தால் வர முடியாதவருக்குக் கட்டணமின்றி மறுதேர்வு நடத்து.

3. நிரந்தர ஆசிரியரை நியமித்த பிறகே, அரசுக் கட்டணத்திலேயே, ஜனவரிச் சேர்க்கை.

4. காலண்டரை ஆண்டு தொடங்குமுன் வெளியிடு. அதைத் தயாரிக்கும் கமிட்டியில் மாணவர், ஆசிரியர் பிரதிநிதிகளோடு தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளையும் சேர்.

இவற்றை எழுதி ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் கையெழுத்து வாங்குவோம். கைநாட்டு வைக்கிற தாயும் வைக்கட்டும். அவள் மகள் கையெழுத்துப் போடும் நாளுக்காகத்தான் இந்த மகஜர். எல்லோருமாகச் சேர்ந்து அண்ணாமலை நகருக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அறுப்புத் தேதி தெரியாதவன் கல்லூரித் தேதி குறிக்கும் நிலைக்கு முடிவு கட்டுவோம்!