கூட்டம் தகுதிச் சான்றிதழ் ஆகுமா?



கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் ஒரே வாதத்தை எடுத்து வைக்கிறார்கள். "எங்கே கூட்டம் வருகிறதோ அதுதான் பெரிய லீக். கூட்டம் இல்லாதவன் மேலே வந்து என்ன செய்யப் போகிறான்?" இந்தியக் கால்பந்தை நடத்துகிறவர்களும் பத்து வருஷத்துக்கு மேலாக இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லி வந்தார்கள். இந்த வாதம் தப்பு. தப்பு மட்டுமல்ல, அநியாயமும் கூட.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் கோப்பு பார்த்தவன். ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து யாரும் அவருக்குப் பதவி உயர்வு கொடுப்பதில்லை. இலாகாப் பரீட்சை எழுத வேண்டும், பாஸ் செய்ய வேண்டும், பேனலில் பெயர் வர வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்று. விளையாட்டுக்கு மட்டும் வேறு நியாயமா?

முதலில் நம் தமிழ்நாட்டுக் கணக்கையே பார்ப்போம். 2018-19 சீசனில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள் ஆடின. ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்சி. ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை இருந்தாலும் சென்னை சிட்டி தன் ஊராக வைத்துக்கொண்டு ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். நம் விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஒரு பாதை சென்னைக்கும் இன்னொரு பாதை சேலத்துக்கும், அங்கிருந்து கோவைக்கும் போகிறது. இரண்டு அணியும் நமக்குச் சொந்தம்தான். எனக்கு ஓரவஞ்சனை கிடையாது.

அந்த வருஷம் சென்னையின் எஃப்சி 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டு ஜெயித்து, 9 புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. சென்னை சிட்டி 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவையில் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்தது. 43 புள்ளிகள். இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் சாம்பியன் பட்டம் முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அடுத்து என்ன நடந்தது? கடைசியாக வந்தவர்கள் ஐஎஸ்எல்லிலேயே இருந்தார்கள். முதலாவதாக வந்தவர்கள் ஐ-லீக்கிலேயே இருந்தார்கள். அதோடும் விடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சம்மதத்தோடு ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்று அறிவித்தார்கள். ஐ-லீக் இரண்டாம் இடத்துக்குப் போனது. முதல் மார்க் வாங்கிய பையனை உட்கார்ந்த இடத்திலேயே உட்காரவைத்துவிட்டு, அந்த வகுப்பையே ஒரு படி கீழே இறக்கினால் எப்படி? அப்படித்தான்.

மேலே போகும் வழி 2022-23 சீசனின் ஐ-லீக் சாம்பியனிலிருந்துதான் திறக்கும் என்றார்கள். அதற்குள் கோகுலம் கேரளா 2021-லும் 2022-லும் அடுத்தடுத்து சாம்பியன் ஆகியும் கீழேயே நின்றது. ஆனால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-லேயே உள்ளே போய்விட்டன. மோகன் பகான் ஏற்கனவே உள்ளே இருந்த ஏடிகே அணியோடு சேர்ந்து போனது. ஈஸ்ட் பெங்கால் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பணத்தோடு போனது. நூறு வருஷப் பெருமை உள்ள கிளப்புகள் அவை, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குத் திறந்த கதவு கோயம்புத்தூருக்கும் கோழிக்கோட்டுக்கும் ஏன் திறக்கவில்லை? கொல்கத்தாவில் கூட்டம் உண்டு, பின்னால் பணம் உண்டு. அவ்வளவுதான் காரணம். சென்னை சிட்டி 2021-22 சீசனில் ஐ-லீக்கிலேயே இல்லை. சாம்பியன் ஆன மூன்றாவது வருஷம் அட்ரஸ் இல்லாமல் போயிற்று.

சரி, கூட்டத்துக்கு வருவோம். 2014-இல் ஐஎஸ்எல் ஆரம்பித்தபோது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் 26,000 பேர் வந்தார்கள். பெரிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. கொச்சியில் 60,000 பேர் கூடிய நாட்களும் உண்டு. அந்த முதல் வருஷம் கோவாவில் ரொபேர் பிரெஸ், புனேயில் தவித் திரெஸகே, மும்பையில் நிகோலா அனெல்கா என்று பிரான்சின் பழைய நட்சத்திரங்கள் வந்து இறங்கினார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பந்தை 'பலோன்' என்று சொல்லி வளர்ந்த எனக்கே அவர்களை ஒரு தரம் நேரில் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நட்சத்திரத்தைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு, அணிக்காக வருகிற கூட்டம் வேறு. ஐந்தே சீசனில் அந்தச் சராசரி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கடைசியாக வந்தாலும் நஷ்டமில்லை என்றால் பிப்ரவரி மாதத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? பீங்கான் வேலை தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டுமா? மண்ணைப் பதமாகப் பிசையாமல் மேலே கிளேஸ் மட்டும் பளபளவென்று பூசினால் சூளை காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்படியானால் கதவைத் திறந்து வைத்த நாடுகளில் எல்லாம் நியாயமாக நடக்கிறதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஜெர்மனியைப் பாருங்கள். பெரிய ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கூட்டம் அங்கேதான், ஆட்டத்துக்கு 40,000 பேருக்கு மேல். டார்ட்மண்ட் ஸ்டேடியத்தில் மட்டும் 81,000 பேர். கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி வேறு. டிக்கெட் விலையும் மலிவு. அப்படியும் 2013 முதல் 2023 வரை பதினோரு வருஷம் தொடர்ந்து பாயர்ன் மியூனிக்கே சாம்பியன். பிரான்சில் 2011-இல் கத்தார் பணம் வந்த பிறகு பாரிஸ் சேன்-ஜெர்மேன் 2013 முதல் 2025 வரையிலான பதின்மூன்று பட்டங்களில் பதினொன்றை அள்ளிக்கொண்டது. கூட்டம் நிரம்பியிருக்கிறது, ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிகிறது. ஆக, கூட்டத்தை வைத்து நியாயத்தை அளக்க முடியாது என்பதற்கு இவையும் சாட்சிதான்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. யாரும் மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்து அணிகளைச் சமமாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கதவும் திறந்திருக்கிறது, டிவி பணத்தையும் ஓரளவு ஒழுங்காகப் பிரிக்கிறார்கள். முதல் அணி வாங்குவது கடைசி அணி வாங்குவதைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. அங்கேதான் 2016-இல் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆனது. இரண்டே வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி அது.

ஆகவே நியாயத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று கதவுச் சாவி, இன்னொன்று கஜானாச் சாவி. ஜெர்மனியும் பிரான்சும் முதல் சாவியை ஒழுங்காக வைத்திருக்கின்றன, இரண்டாவதில் கோட்டைவிட்டன. அமெரிக்கா இரண்டாவதை மட்டும் வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கதவைத்தான் கேட்பேன். காரணம் இருக்கிறது.

பிரான்சின் வடக்கே லான்ஸ் என்று ஓர் ஊர். நம் நெய்வேலி மாதிரி சுரங்க ஊர், அங்கே எடுத்தது நிலக்கரி. ஜனத்தொகை சுமார் 32,000, நம் விருத்தாசலத்தில் பாதிகூட இல்லை. அவர்களுடைய ஸ்டேடியத்தில் 38,000 பேர் உட்காரலாம். ஊரைவிட ஸ்டேடியம் பெரிது! சுரங்கம் மூடியாயிற்று, வேலை போயிற்று, அணியும் பல தடவை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இறங்கிய காலத்திலும் ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஏன்? திரும்ப ஏற வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் அணி மேலே போவதை 'மோந்தே' என்பார்கள். மாடிப்படி ஏறுவதற்கும் அதே சொல்தான். 2020-இல் லான்ஸ் ஏறியது. 2022-23-இல் கத்தார் கோடிகளை எதிர்த்து ஆடி, 84 புள்ளிகள் எடுத்து, 85 எடுத்த பாரிசுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் வந்து நின்றது. கஜானா பூட்டியிருந்தும் கதவு திறந்திருந்ததால் நடந்த காரியம் இது. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிற லான்ஸ், 2020-லேயே அட்ரஸ் இல்லாமல் போயிருக்கும்.

இன்னும் சின்ன ஊர் கேங்காம். ஜனத்தொகை 7,000-தான், ஸ்டேடியத்தில் 18,000 இடம். 2009-லும் 2014-லும் பிரெஞ்சுக் கோப்பையை வாங்கிய ஊர். முதல் முறை வாங்கியபோது அது இரண்டாம் பிரிவு அணி. கூட்டம் இருந்ததால் அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை ஐயா. வாய்ப்பு இருந்ததால் கூட்டம் வந்தது. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். காரணத்தையும் காரியத்தையும் நம்மவர்கள் தலைகீழாக மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 18-ஆம் தேதி ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து, தங்களுக்கு நிரந்தர இடம் வைத்துக்கொண்டு ஒரு சூப்பர் லீக் அறிவித்தன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதுவும் யார்? அந்தப் பணக்கார அணிகளின் சொந்த ரசிகர்களே. இரண்டு நாளில் ஆறு ஆங்கிலேயக் கிளப்புகளும் பின்வாங்கின. எந்தச் சாத்திய கதவை அவர்கள் இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லையோ, அதை நாம் 2014-இல் பட்டாசு வெடித்து வரவேற்றோம்.

"கோடி கோடியாகப் போட்டவன் கீழே இறங்கச் சம்மதிப்பானா? பாதுகாப்பு இல்லாமல் யார் பணம் போடுவார்கள்?" என்பது அடுத்த வாதம். கதவைச் சாத்தியதால் பாதுகாப்பு வந்ததா என்று பாருங்கள். புனே அணி 2019-இல் கலைந்தது. டெல்லி அணி அதே வருஷம் புவனேஸ்வருக்கு மூட்டை கட்டியது. ஹைதராபாத் அணி 2025-இல் டெல்லிக்குப் போனது. நிர்வாக ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். நவம்பரில் டெண்டர் விட்டபோது விலை கேட்க ஒருவர்கூட வரவில்லை. வீட்டைப் பூட்டி வைத்தும் கூரை ஒழுகுகிறது.

"ஐபிஎல்லில் மட்டும் ஏற்றமும் இறக்கமும் உண்டா?" என்று கிரிக்கெட் நண்பர்கள் மடக்குவார்கள். ஐபிஎல் ஒரு கோடைத் திருவிழா. அதற்குக் கீழே ஏணியில் வேறு கிளப்புகள் காத்து நிற்கவில்லை. மாநிலங்கள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையில் பிளேட் பிரிவிலிருந்து எலீட் பிரிவுக்கு ஏற வழி இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், 2023-இல் பஞ்சாபும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கை ஜெயித்து மேலே போயின. நல்லது. ஆனால் ஏணியில் ஏறுகிறவர் இருந்தால் இறங்குகிறவரும் இருக்க வேண்டாமா? 2023-24-இல் கடைசியாக வந்த ஹைதராபாத்தும் இறங்கவில்லை, 2024-25-இல் கடைசியாக வந்த முகமதனும் இறங்கவில்லை. பாதித் திறந்த கதவு காற்றுக்குத்தான் ஆகும், ஆள் நுழைய ஆகாது.

என் கோரிக்கை மூன்றே மூன்று. கடைசியாக வந்தவர் இறங்க வேண்டும், கொல்கத்தாவானாலும் சரி, சென்னையானாலும் சரி, விதிவிலக்குக் கூடாது. இரண்டாம் பிரிவுக்கும் டிவி, விளம்பரப் பணத்தில் எழுதி வைத்த பங்கு வேண்டும், அப்போதுதான் இறங்கியவர் சாகமாட்டார். மாவட்ட லீக்கிலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து ஐ-லீக்கின் கீழ்ப் பிரிவுகளுக்கும், அதன் பிறகு உச்சிக்கும் போகும் வழி ஒரே ஏணியாக, படி விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.

நம்மூர் செராமிக் தொழிற்பேட்டைப் பையன்கள் ஓர் அணி கட்டினால் அவர்கள் நாளைக்கே சாம்பியன் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷமும் ஆகலாம், ஆகாமலேயும் போகலாம். தோற்றுப் போவதில் அவமானம் இல்லை. ஆனால் ஜெயித்த பிறகும் "உனக்குக் கூட்டம் இல்லை, திரும்பிப் போ" என்று சொல்வதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது.