குற்றம் ஒருவனுடையது, சிறை ஒருத்திக்கா?

நமது தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களிலும், உப்பளங்களை அடுத்த கிராமங்களிலும் நடந்துவரும் ஒரு சங்கதியைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கின்றது. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி பள்ளிக்கூடம் போகின்றாள். வழியில் ஒருவன் ஆபாசமாய்ப் பேசுகின்றான். ஒருவன் தினமும் பின்தொடருகின்றான். பஸ் நெரிசலில் ஒருவன் கை வைக்கின்றான். செய்தவன் மறுநாளும் மீசையை முறுக்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கின்றான். பெண்ணோ பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படுகின்றாள். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், அவசர அவசரமாய் எவனுக்காவது கட்டிக் கொடுக்கப்படுகின்றாள். திருடனை வெளியில் விட்டுப் பறிகொடுத்தவனைச் சிறையில் வைக்கும் நியாயம் வேறெந்தக் காரியத்திலாவது உண்டா என்று கேட்கின்றோம்.

பெற்றோர் வீணாகப் பயப்படுகின்றார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2012 டிசம்பரில் இதே மாவட்டத்தில், பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட ஒரு சிறு பெண் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் பெண்ணின் காலைக் கட்டுகின்றதே ஒழிய, அயோக்கியனின் காலைக் கட்டுகின்றதா?

அன்றியும், அப்பெண்ணின் மனம் படும் பாட்டை எத்தனை பேர் நினைக்கின்றார்கள்? தூக்கம் போய்விடுகின்றது, சோறு இறங்குவதில்லை, அடிக்கடி வயிறு வலிக்கின்றது, பின்னால் காலடி கேட்டால் திடுக்கிடுகின்றாள், தான்தான் தப்புச் செய்ததாகத் தன்னையே வெறுக்கின்றாள். சிலர் உயிரை விடவும் துணிகின்றார்கள். நம்மவர்களோ, "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்று கோடாங்கியிடம் இழுத்துப்போய், வேப்பிலையால் அடித்து, தாயத்துக் கட்டிக் காசையும் கொடுத்துவிட்டு வருகின்றார்கள். அவளைப் பிடித்தது பேயல்ல, பயமும் அவமானமுமேயாகும். அந்த அவமானத்தை அவள் தலையில் ஏற்றியவர் யார்? கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விதியாக்கி, ஆணுக்கு "வாலிப முறுக்கு" என்று சலுகை கொடுத்த நாம்தானே!

சட்டமும் ஒருகாலத்தில் இவ்விதமே பேசிற்று. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தொல்லையால் உயிரிழந்த பின் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திற்கே "ஈவ் டீசிங்", அதாவது கேலி, என்றுதான் முதலில் பெயர். பிறகே அப்பெயர் மாற்றப்பட்டது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படியோ, 18 வயதுக்குட்பட்டவரிடம் கெட்ட எண்ணத்துடன் பேசுவதும், சைகை காட்டுவதும், விடாமல் பின்தொடர்வதும் குற்றமேயாகும். தொட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வாக்குமூலத்தை வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரியே, வாங்க வேண்டும். பெண்ணின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறா தீண்டாதிருக்கக் "கடல்கட்டி"யின் மந்திரத்தை நம்பினார்கள். ஆனால் குளிப்பவனை மேலே கொண்டுவந்தது மந்திரமா? கீழே கயிறு அசைந்தவுடன், ஏன், எதற்கு என்று கேளாமல் படகிலிருந்து இழுத்தானே, அவனல்லவா? "அந்தப் பஸ்ஸில் போக மாட்டேன்" என்று ஒரு பெண் சொல்வதும் கயிற்றை அசைப்பதுதான். அப்பொழுது "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பவர் கயிற்றைக் கைவிட்டவரேயாவார்.

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே! பெண்ணை அடைக்காதீர்கள், அவள் சொல்வதை நம்புங்கள். மனம் நொந்திருந்தால், கோடாங்கியை விட்டுவிட்டு, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் ஆண் பிள்ளை தெருமுனையில் என்ன செய்கின்றான் என்றும் பாருங்கள். வெட்கப்பட வேண்டியவன் வெட்கப்படட்டும். படிக்க வேண்டியவள் படிக்கட்டும்.