பழைய எஞ்சின்: பழுது பார்ப்பதோ, புதிது பூட்டுவதோ?

கோடை பிறந்ததும் ஜெர்மனி தேசத்துச் சாலைகளிலும் இங்கிலாந்தின் கடற்கரை வழிகளிலும், உருண்ட முகமும் இரு வண்ணப் பூச்சுமுடைய பழைய மோட்டார் வண்டிகள் சில மெல்லெனச் செல்லக் காணலாம். அவற்றினுள்ளே படுக்கையுண்டு, அடுப்புண்டு, சிறு அலமாரியுமுண்டு. வண்டியே வீடாக ஒரு குடும்பம் ஊர் ஊராய்ச் சென்று தங்குதற்கு அமைந்தவை இவை. டச்சு வணிகராகிய பென் பொன் என்பார் 1947ஆம் ஆண்டில் தம் குறிப்புப் புத்தகத்திற் கோடிட்டுக் காட்டிய உருவத்தினின்று பிறந்து, 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலையில் உற்பத்தியாகத் தொடங்கிய 'டைப் 2' என்னும் வண்டியே இது. 1951 முதல் வெஸ்ட்பாலியா கம்பெனியார் இதனை வீட்டு வண்டியாக அமைத்தளித்தனர். இத்தகைய வண்டியை வைத்திருப்போரை என்றேனும் ஒருநாள் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. தளர்ந்த எஞ்சினைப் பழுது பார்ப்பதோ? அன்றி, அதனைக் களைந்து வேறொன்று பூட்டுவதோ? இதனைக் குறித்து நமது கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவ்விஷயத்தில் இரு கட்சியாருளர். ஒரு சாரார், "வண்டியுடன் பிறந்த எஞ்சினே அதன் உயிர், அதை மாற்றினால் வண்டி வேறாய்விடும்" என்பர். மற்றொரு சாரார், "பழையதைக் கட்டியழுவதேன்? பணம் கொடுத்தாற் புதியது வரும், பூட்டிக்கொண்டு போகலாம்" என்பர். முன்னவர் அன்பினாற் பேசுகின்றனர். பின்னவர் அவசரத்தினாற் பேசுகின்றனர். எஞ்சினைச் சோதித்துப் பார்த்தபின் பேசுவோர் இரு சாராருள்ளும் அரியர். நாடி பிடித்துப் பாராமலே மருந்து கூறும் வைத்தியரை நாம் என்னென்போம்?

நிற்க. அவ்வெஞ்சினின் இயல்பைச் சிறிது நோக்குவோம். 1600 கன சென்டிமீட்டர் அளவுள்ளதை எடுத்துக்கொள்வோம். அதன்கண் நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் உள்ளன. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் கிடையாது. விசிறியொன்று தகட்டுறையின் வழியே செலுத்தும் காற்றும், உள்ளே ஓடும் எண்ணெயுமே அத்தொழிலைச் செய்கின்றன. 1971ஆம் ஆண்டு மாதிரிக்கு முற்பட்டவற்றில், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி அவ்வுறையினுள்ளே காற்றின் வழியை மறித்து நின்றமையால், மூன்றாஞ் சிலிண்டருக்குக் குளிர்ந்த காற்றுக் குறைந்தே கிடைத்தது. அளவுக்கு மிஞ்சிய சூட்டினால் அச்சிலிண்டரின் புகை வெளியேற்றும் வால்வு நாளடைவில் நீண்டு, தலை முறிந்து, பிஸ்டன்மேல் விழுமாயின், ஒரு நொடியில் எஞ்சின் பாழாகும். அது நிகழுமுன் எச்சரிக்கை இல்லாமற்போவதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வின் இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அளக்குந்தோறும் ஒரு வால்வின் இடைவெளி மாத்திரம் குறுகிக்கொண்டே வருமாயின், அது முறிவின் முன்னறிவிப்பென்று கொள்க.

இங்கே தான் நமது முதற் கருத்து எழுகின்றது. எஞ்சின் ஏன் கெட்டது என்பதை அறியாமுன் பழுது பார்த்தலும் வீண். புதிது பூட்டலும் வீண். எஞ்சினறையின் ஓரத்தைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டை உண்டு. மேலேயுள்ள குளிர்ந்த காற்றையும் கீழேயுள்ள சூடேறிய காற்றையும் பிரித்து வைப்பது அதுவே. அப்பட்டை கிழிந்துபோனால், எஞ்சின் தான் கக்கிய வெப்பத்தையே மீண்டும் உண்ணும். தகடொன்று கழன்றிருப்பினும், பொறி எழும் காலம் தவறினும், காற்றுப் புகக்கூடாத இடத்தில் புகுந்து பெட்ரோல் கலவை மெலியினும் இதே கேடுதான். சில நாணயப் பெறுமானமுள்ள பட்டையைக் கவனியாமல், பல ஆண்டு சேமித்த பொருளையெல்லாம் புதிய எஞ்சினுக்குக் கொடுத்துப் பூட்டினாலும், பழையது மாண்ட வழியே புதியதும் மாளும்.

இனி, தீர்ப்புக் கூறும் முறையாது? அளவுகோலே நியாயாதிபதியாக இருத்தல் வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து ஒப்பிடுக. கிராங்குத் தண்டு முன்னும் பின்னும் அசையும் அளவைப் பார்க்க. அது 0.15 மில்லிமீட்டருக்கு மேற்படின் தேய்வு வரம்பைக் கடந்ததாம். இவ்வெஞ்சினின் சிலிண்டர்கள் தனித்தனியே கழற்றத்தக்கவை. ஆதலின் சிலிண்டர், பிஸ்டன், வால்வு ஆகியவற்றின் தேய்வு கண்டு அஞ்ச வேண்டுவதில்லை, அவற்றைப் புதுப்பிக்கலாம். தண்டைத் தாங்கும் மெக்னீசியக் கலவை உறையே முடிவைத் தருவது. அது திடமாயிருப்பின் பழுது பார்த்தலே தக்கது. திருகாணி பற்றும் துளை மட்டும் தளர்ந்திருப்பின் உட்குழல் செருகிச் சரிசெய்யலாம். உறையே வெடித்திருப்பினோ, தண்டு தாங்கும் இடங்கள் மேலும் கடைய இடமின்றித் தேய்ந்திருப்பினோ, அதன்மேற் செலவிடுவது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற கதையாகும். அப்போது மாற்றத் தயங்கலாகாது.

"ஆயின் வண்டியின் தன்மை போய்விடாதோ?" என்று அன்பர் வினவலாம். வண்டியைச் செய்தவர்களே இதற்கு விடை கூறியுள்ளனர். பழைய எஞ்சினைக் கொடுத்துச் செப்பனிட்ட எஞ்சினைப் பெற்றுச் செல்லும் முறையை வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் 1947ஆம் ஆண்டு முதலே நடத்தினர். 1958இல் காசெல் நகரையடுத்து ஏற்பட்ட அவர்தம் தொழிற்சாலையின் முதல் வேலையும் இத்தகைய செப்பனிடுதலே. ஒருவர் கொடுத்த எஞ்சின் புதுக்கப்பெற்று மற்றொருவர் வண்டியில் ஓடிற்று. ஆகவே அவ்வினத்து எஞ்சினை மாற்றுவது வண்டிக்குச் செய்யும் துரோகமன்று. பிரிட்டனிலும், 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையினின்று 2018 மே மாதம் விலக்களித்தபோது, பெரு மாறுதல் செய்த வண்டிகளை ஒதுக்கினரேனும், அதே அடிப்படை எஞ்சினின் வேறு கன அளவைப் பூட்டுதலைப் பெரு மாறுதலாகக் கொண்டிலர்.

வேற்றின எஞ்சினோ வேறு பொருள். 1966ஆம் ஆண்டு வண்டியொன்றில், 32 கிலோவாட் எஞ்சினை நீக்கி 61 கிலோவாட் மின் மோட்டாரை அமைத்து 2020இல் அக்கம்பெனியாரே காட்டினர். புகையில்லாமை நல்லதே. ஆயினும் வலிமை இரட்டித்தால் பிரேக்கும் சட்டமும் அதற்கேற்ப வலுப்பெறல் வேண்டும். திடமான பழைய எஞ்சினை வேகத்தின் பொருட்டு வீசியெறிதல், கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதையே ஒக்கும்.

மாணவ நண்பர்காள்! ஜான் மியூர் என்னும் அமெரிக்க எஞ்சினியர் இவ்வண்டிகளைப் பழகாதவரும் தம் கையாலே பேணுமாறு 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். வண்டிகள் இத்தனை காலம் ஓடுவதற்கு அத்தகைய அறிவு பலர் கையிற் பரவியதும் ஒரு காரணமாகும். பழையதென்பதற்காக எதனையும் போற்றவும் வேண்டா, எறியவும் வேண்டா. மலைச்சாலையில் இரவில் எஞ்சின் முறிந்தால் உள்ளே உறங்கும் குழந்தைகளே அதன் பயனை அனுபவிப்பர் என்பதை நினைவிற்கொண்டு, முதலிற் காரணத்தைத் தேடுங்கள். பின்பு அளந்து பாருங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள். அம்முடிவு எதுவாயினும் பிற்பாடு வருந்த நேராது.