மிச்சமிருப்பவருக்கான ஊர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்க நெருங்க, சென்னையில் வாடகைக்கும் வீட்டுக் கடனுக்கும் சம்பாத்தியத்தின் பெரும் பகுதியைக் கொடுத்தே பழகிவிட்ட ஒரு குடும்பஸ்தர், எஞ்சிய காலத்தைச் செலவு குறைந்த ஓர் ஊரில் நிம்மதியாகக் கழிக்கலாமே என்று நினைப்பது முற்றிலும் நியாயமான நினைப்பு. காவேரிக் கரையும் காலையில் கோயில் தரிசனமும் வேண்டுமென்பவர் கும்பகோணத்தையோ ஸ்ரீரங்கத்தையோ எண்ணுகிறார். சாரலும் குளிர்ந்த காற்றும் வேண்டுமென்பவர் தென்காசிப் பக்கம் பார்க்கிறார். சமையல் முதல் செவிலியர் வரை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்க வேண்டுமென்பவர் கோயம்புத்தூரைச் சுற்றி எழுந்திருக்கும் முதியோர் குடியிருப்புகளை விசாரிக்கிறார். எல்லாமே வாழத் தகுந்த இடங்கள்தாம். ஆயினும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாம் போடும் கணக்கில் மிக முக்கியமான ஓர் அம்சம் விட்டுப்போகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணக்கு வழக்கமாக இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2023-ல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அந்த முப்பது லட்சத்தையும் தபாலாபீஸில் போட்டு வைத்தவருக்கு, 8.2 சதவிகித வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 ரூபாய் வருகிறது. சென்னையில் ஒரு சுமாரான வீட்டின் வாடகைக்கே பெரும்பாலும் சரியாகப் போய்விடும் இத்தொகை, ஒரு சிற்றூரில் வாடகை, பால், காய்கறி, மின்சாரம் அத்தனைக்கும் போதும் என்று தெரிந்ததும் மனத்துக்கு ஒரு தெம்பு பிறக்கிறது. இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் இது இருவர் சேர்ந்து வாழும் காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் கணக்கு.

இருவரில் ஒருவர் முதலில் போய்விடுவார். நம் குடும்பங்களில் கணவர் வயதில் மூத்தவராகவே பெரும்பாலும் இருப்பதால், பின்தங்கி வாழ வேண்டியவர் மனைவியாகவே அநேகமாக இருக்கிறார். பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு உட்பட்ட ஓர் அரசாங்க ஊழியரின் கடைசிச் சம்பளம் 60,000 ரூபாயென்றால், அகவிலைப்படி நீங்கலாக அவருடைய ஓய்வூதியம் அதில் பாதி, 30,000. அவர் காலமான பின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியமோ, ஆரம்பத்தில் சில காலம் கூடுதலாக வர வழியுண்டென்றாலும், முடிவில் சம்பளத்தின் 30 சதவிகிதம், அதாவது 18,000. தனியார் நிறுவன ஊழியர்களுக்கான 1995-ஆம் வருஷத்துத் திட்டத்தில் விதவைக்கு வருவது கணவர் வாங்கிவந்த சொற்பத் தொகையிலும் பாதி. வருமானம் இப்படிக் குறைகிற அந்த நாளில் வாடகை குறைவதில்லை. மின்கட்டணம் குறைவதில்லை. கணவர் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போய் இலவசமாகச் செய்துவந்த வேலைகளுக்கெல்லாம் இனி ஆட்டோக்காரருக்கும் அடுத்தவருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, முப்பதாயிரத்துக்கு மலிவான ஊர் எது என்று கேட்பதைவிட, பதினெட்டாயிரத்தில் ஒரு பெண்மணி தனியாக வாழக்கூடிய ஊர் எது என்று கேட்பதே பொருத்தம்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஓய்வு பெற்றவர்கள் பெரிதும் ஆசைப்படும் சொந்த ஊர்கூட வேறு விதமாகத் தோன்றும். சொந்த ஊர் என்கிறோமே, அது யாருடைய சொந்த ஊர்? அவர் பிறந்து, ஆற்றில் நீந்தி, பள்ளிக்கூடம் போன ஊர். அவருடைய சித்தப்பா பிள்ளைகளும் பால்ய சிநேகிதர்களும் இருக்கிற ஊர். அவளுக்கோ அது கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் சில மாதங்கள் இருந்ததும், பிறகு பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வந்து போனதுமான ஊர். முப்பது வருஷமாக மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரே தெருவில் வாழ்ந்து, கீரைக்காரியையும், எதிர்வீட்டு மாமியையும், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் திறக்கிற அடுத்த வீட்டுக்காரரையும் அவள்தான் சிறுகச் சிறுகச் சம்பாதித்து வைத்திருக்கிறாள். அந்தச் சம்பாத்தியத்தை எந்த வங்கிக் கணக்குக்கும் மாற்ற முடியாது. அதை விட்டுவிட்டு வரச் சொல்லும் கணவர், தாம் இல்லாத காலத்தில் அந்த ஊரில் அவளுக்கென்று யார் இருப்பார் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

வீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கும்பகோணத்துப் பழைய தெருக்களில், வாசலில் உயர்ந்த படிகளும் திண்ணையும், ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று உள்ளே நீண்டுகொண்டே போய்க் கொல்லையில் முடிகிற வீடுகளைக் கண்டதும் மனம் பறிகொடுக்காதவர் குறைவு. எனக்கும் அவற்றின் மேல் பிரியம் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில், மூட்டுவலியோடு, ஐப்பசி மழையில் நனைந்து வழுக்கும் முற்றத்து ஓரமாக, மின்சாரம் போன இரவில் சுவரைத் தடவிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியவளை நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டின் அழகு மாத்திரம் தீர்மானத்துக்குப் போதாது என்று விளங்கும்.

வைத்திய வசதி விஷயத்தில் எல்லோருமே எச்சரிக்கையாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் ‘ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது’ என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். எனவே, இரவு பதினொரு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதல்லவோ விசாரிக்க வேண்டிய சங்கதி? அங்கே இயலாதென்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர்; தென்காசியிலிருந்து திருநெல்வேலி 50-க்கு மேல். பகலில் இது பெரிய தூரமல்ல. தனியாக இருப்பவர் 108-ஐ அழைத்து, கதவைத் திறந்து, ஏறிப் போக வேண்டிய இரவில் இது பெரிய தூரம்.

கோவைப் பக்கத்துக் குடியிருப்புகளைப் பற்றி, பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் போகும் இடமென்ற அவச்சொல் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. எனக்கு அது சம்மதமில்லை. பொதுச் சமையலறையும், குளியலறையில் அழைப்பு மணியும், சமவயதுத் தோழமையும் தனித்திருக்கும் ஒரு பெண்மணிக்கு எத்தனையோ பந்துக்களைவிட மேலான துணை. கவனிக்க வேண்டியது மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணந்தான்: சென்ற சில வருஷங்களில் அது எப்படி ஏறியிருக்கிறது, ஒருவராகிவிட்டால் எவ்வளவு குறையும், வீடு விலைக்கு வாங்கியதல்லவென்றால் கணவருக்குப் பின் மனைவிக்கு அங்கே இருக்கும் பாத்தியதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பவற்றை, முன்பணம் கொடுக்கும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை வீட்டை விற்றுவிட்டு ஒரே மூச்சில் புது ஊரில் வாங்குவது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் கொசுவையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம். அந்த வருஷத்தில் ஒரு பத்துப் பதினைந்து நாள் கணவர் பிள்ளை வீட்டுக்கோ யாத்திரைக்கோ போய்விட, மனைவி அங்கே தனியாக இருந்து பார்க்க வேண்டும்: காஸ் சிலிண்டருக்குத் தாமே சொல்லி, பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் தாமே கடைத்தெருவுக்கும் வங்கிக்கும் போய், ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைத் தாமே பார்த்து, சாயங்காலம் பேச்சுத் துணைக்கு யார் வீட்டுக்குப் போவது என்று தாமே கண்டுபிடிக்கட்டும். கணவர் திரும்பி வந்ததும், விலை பேசப் புறப்படுவதற்கு முன், இந்த ஊரில் இருக்கலாமா வேண்டாமா என்பதை அந்த அம்மாளே சொல்ல வேண்டும். பத்திரம் எழுதும்போது அதில் அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.